என் கேரக்டர் அப்படித்தான் பண்ணுவான்

இந்த வாரம் ஒரு வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன்.

2021. லாக்டவுன். காலேஜ் நண்பர்கள் ஐந்து பேர், ஆளுக்கொரு ஊர்ல மாட்டிக்கிட்டு இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு டிஸ்கார்ட்ல கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுவோம். தெரியாதவங்களுக்காக: இதுல ஒருத்தர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமா டிஎம். அவர்தான் கதைசொல்லி, அவர்தான் நடுவர், எதிரியும் அவர்தான், ஊர் மக்களும் அவர்தான். மத்தவங்க ஆளுக்கொரு கேரக்டர். என்ன செய்யப்போறோம்னு வாயால சொல்லணும், நடந்ததா இல்லையான்னு பகடை சொல்லும். அவ்வளவுதான் விளையாட்டு.

என் கேரக்டர் ஒரு திருடன். அலைன்மென்ட், அதாவது அவனுடைய குணம், லாஃபுல் ஈவில். கொடுத்த வாக்கைக் காப்பாத்துவான், ஆனா எல்லாம் தனக்காக. என் நண்பன் ஒருத்தன் கிளெரிக் ஆடினான். காயம் ஆற்றுகிற, கடவுளிடம் சக்தி வாங்குகிற பூசாரி மாதிரியான ஆள். எட்டு மாசம் ஓடின கதை. நடுவுல ஒரு கிராமத்தைக் காப்பாத்துறதா வாக்குக் கொடுத்தோம். அங்க ஒரு அநாதைப் பையன். டிஎம் போகிற போக்கில் உருவாக்கினவன். கிளெரிக் அவனைத் தன் சீடனா சேர்த்துக்கிட்டான்.

நான் என்ன பண்ணேன்னா, டிஎம்முக்குத் தனியா மெசேஜ் போட்டு, அந்தக் கிராமத்துக்குள்ள வர்ற ரகசிய வழியைக் கொள்ளைக்காரங்களுக்கு வித்துட்டேன். அடுத்த வாரம் கிராமம் எரிஞ்சுது. பையன் செத்துட்டான். யார் காட்டிக்கொடுத்ததுன்னு டிஎம் சொன்னப்ப எல்லாரும் அமைதியாயிட்டாங்க. நான் மட்டும் சிரிச்சேன். "என் கேரக்டர் அப்படித்தான் பண்ணுவான்"னு சொன்னேன்.

கிளெரிக் ஆடின நண்பன் அதுக்கப்புறம் வரவே இல்லை.

இந்த எபிசோட் கெட்டவனா ஆடுறதோட வரலாறு. நல்லவனா கெட்டவனாங்கிற தீர்ப்பு இல்லை. இந்த வரலாற்றைப் படிக்க ஆரம்பிச்சப்பதான் எனக்கு ஒரு விஷயம் தெரிய வந்தது. அந்த கிளெரிக்குங்கிற கேரக்டரே இந்த உலகத்துல பிறந்தது, யாரோ ஒருத்தர் கெட்டவனா ஆடினதாலதான்.

1971 வாக்கில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸ், செயின்ட் பால் என்ற இரட்டை நகரங்களில், டேவ் ஆர்னசன் என்பவர் நண்பர்களைக் கூட்டி ஒரு ஆட்டம் நடத்திவந்தார். பெயர் பிளாக்மூர். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அச்சாகி வருவதற்கு முந்தைய கதை இது. விதிகள் எழுதி முடிக்கப்படவில்லை. வாராவாரம் ஆடிக்கொண்டே திருத்திக்கொண்டிருந்தார்கள். நம்ம பாஷையில் சொன்னா, நேரா புரொடக்ஷன்லயே டெஸ்டிங்.

அந்த ஆட்டத்தில் ஒருவருடைய கேரக்டர் ரத்தக்காட்டேரியாக மாறிவிட்டது. சர் ஃபேங் என்று பெயர். ஃபேங் என்றால் கோரைப்பல். டிஎம் நடத்தும் பேய் இல்லை இது. மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற ஒரு நண்பர் நடத்தும் பேய். அவர் பலசாலியாகிக்கொண்டே போனார். மற்றவர்களால் சமாளிக்க முடியவில்லை. ஆர்னசன் அவரை வெளியே அனுப்பவில்லை. அந்தக் காட்டேரியை எதிர்ப்பதற்கென்றே ஒரு புதிய வகைக் கேரக்டர் உருவாக்கப்பட்டது. ஹாமர் கம்பெனியின் டிராகுலா படங்களில் பீட்டர் குஷிங் நடித்த வேன் ஹெல்சிங் போல, கையில் சிலுவையோடு பேயை விரட்டும் ஒரு மதகுரு. அதுதான் கிளெரிக்கின் மூதாதை. இன்றைக்கும் கிளெரிக்குக்கு இறக்காத பிணங்களை விரட்டும் சக்தி ஒன்று இருக்கிறது. நம்மில் பலர் அது ஏன் என்று யோசித்ததே இல்லை. அது சர் ஃபேங் விட்டுப்போன தழும்பு.

1974 ஜனவரியில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளியானது. எழுதியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன். ஒரு பெட்டியில் மூன்று சிறு புத்தகங்கள், முதல் பதிப்பு ஆயிரம் பிரதி. அதில் 'நல்லவன், கெட்டவன்' என்ற பிரிவே கிடையாது! இருந்தது மூன்று அணிகள்: ஒழுங்கு, நடுநிலை, குழப்பம். போல் ஆண்டர்சன், மைக்கேல் மூர்காக் போன்றவர்களின் ஃபேன்டஸி நாவல்களிலிருந்து எடுத்த யோசனை. குணத்தைச் சொல்வதை விட, நீ எந்தப் படையில் என்று சொல்வதுதான் அதன் வேலை.

கைகாக்ஸ் வாழ்ந்தது விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்ற சிறிய ஊரில். அவர் மேஜையில் ராப் குன்ட்ஸ் என்ற இளைஞர் ஆடிய கேரக்டர் ராபிலார். சுயநலத்தின் உச்சம். 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' என்று கைகாக்ஸ் வடிவமைத்த ஒரு கல்லறை உண்டு. ஆட்டக்காரர்களைக் கொல்வதற்கென்றே கட்டியது போல அடுக்கடுக்காகப் பொறிகள். ராபிலார் தன்னிடம் வேலை பார்த்த ஆர்க்குகளை ஒவ்வொருவராக முன்னால் அனுப்பினான். பொறியில் அவர்கள் சாவார்கள், இவன் பின்னால் பத்திரமாக நடப்பான். கடைசியில் புதையலை வாரிக்கொண்டு ஓடிவிட்டான். கேட்டால் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது.

ஆனால் கைகாக்ஸ் இன்னொன்றும் செய்தார். அதே ராபிலார் பிறகு ஒரு தீய கோயிலுக்குள் புகுந்து, அங்கே சிறைப்பட்டிருந்த ஒரு பேயரசியை விடுவித்துவிட்டான். உலகம் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. நல்லவர்களின் படைகள் அவனைத் துரத்தின. தன் சொந்தக் கோட்டையையே விட்டு ஓட வேண்டியதாயிற்று. "இப்படி ஆடக்கூடாது தம்பி" என்று யாரும் சொல்லவில்லை. ஆடு, ஆனால் உலகம் பதில் சொல்லும்.

பிறகு விதிகள் வந்தன. 1976 பிப்ரவரியில், 'தி ஸ்ட்ராடஜிக் ரிவ்யூ' என்ற அவர்களுடைய பத்திரிகையில், ஒழுங்கு–குழப்பம் என்ற கோட்டுக்குக் குறுக்கே நன்மை–தீமை என்ற இன்னொரு கோட்டைப் போட்டார் கைகாக்ஸ். 1978-இல் வந்த பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் அது ஒன்பது கட்டமாக நிலைத்தது. நீங்க மீம்ல பார்க்கிற ஒன்பது கட்டம், அதேதான். அதே புத்தகத்தில் அசாசின், அதாவது கூலிக்குக் கொல்பவன், ஆட்டக்காரர்கள் எடுத்துக்கொள்ளக்கூடிய வகையாக இருந்தது. 1975-இல் முதலில் வந்தபோது அவன் நடுநிலை. இப்போது கண்டிப்பாகத் தீயவனாக இருக்க வேண்டும். காசுக்குக் கொல்கிறவன் வேறு எப்படி இருப்பான் என்பது வாதம். ஒரே மேஜையில் பாலடின் என்ற புனித வீரனும் உண்டு. அவன் தெரிந்தே ஒரு தீய செயல் செய்தால் சக்தி போய்விடும், தீயவர்களோடு சேர்ந்து பயணம் செய்யவும் கூடாது. ரெண்டு பேரும் ஒரே பார்ட்டியில இருந்தா எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

அந்த விதிகளில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி ஒன்று. கேரக்டர் எப்படி நடந்துகொள்கிறான் என்பதை டிஎம் ஒரு வரைபடத்தில் தொடர்ந்து குறித்துவர வேண்டும். நல்லவன் என்று எழுதிவைத்துவிட்டுக் கெட்டவனாக நடந்தால் புள்ளி மெல்ல நகரும். எல்லை தாண்டினால் ஒரு லெவல் போய்விடும். பேனாவும் தாளுமாக ஒரு மனிதர் செய்த வேலை இது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கம்ப்யூட்டர் கிட்ட வர்றப்ப தேவைப்படும்.

அதுக்கு முன்னாடி பயத்தோட கதை. 1979 ஆகஸ்டில் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பதினாறு வயது மாணவர் ஒருவர் காணாமல் போனார். தேட வந்த தனியார் துப்பறிவாளர், பல்கலைக்கழகத்துக்கு அடியில் ஓடும் நீராவிக் குழாய்ச் சுரங்கங்களில் இந்த விளையாட்டை நிஜமாக ஆடப்போய் மாட்டிக்கொண்டிருக்கலாம் என்று ஒரு ஊகம் சொன்னார். பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. அந்தப் பையன் உயிரோடு கிடைத்தார், விளையாட்டு காரணமே இல்லை. மனச்சோர்வில் இருந்த ஒரு பிள்ளை. அடுத்த வருடம் தற்கொலை செய்துகொண்டார். ஆனால் சுரங்கக் கதைதான் நிலைத்தது. 1981-இல் அதே சாயலில் 'மேஸஸ் அண்ட் மான்ஸ்டர்ஸ்' என்று ஒரு நாவல், 1982-இல் அது டிவி படம். விளையாட்டுக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போகிற இளைஞனாக நடித்தவர் டாம் ஹாங்க்ஸ். ஆமா, அவரேதான்.

1982-இல் வர்ஜீனியா மாநிலத்தில் பாட்ரிசியா புல்லிங் என்பவரின் மகன் தற்கொலை செய்துகொண்டான். இந்த விளையாட்டுதான் காரணம் என்று நம்பிய அவர், அடுத்த வருடம் இதற்கு எதிராக ஒரு அமைப்பே தொடங்கினார். 1985-இல் '60 மினிட்ஸ்' என்ற பெரிய டிவி நிகழ்ச்சியில் கைகாக்ஸ் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டிவந்தது. அந்த அம்மாவைக் கிண்டல் பண்றது எனக்கு இப்ப கஷ்டமா இருக்கு. பிள்ளையை இழந்தவங்க ஒரு காரணம் தேடுவாங்க. ஆனா அவங்க பிடிச்ச காரணம் தப்பு. வேஷம் போட்டவன் வேஷமாவே ஆயிடுவான்ங்கிற பயம் அது. நம்ம ஊர்ல நம்பியார் திரையில பண்ணாத கொடுமை இல்லை. நிஜத்துல அவர் சபரிமலை குருசாமி. பாட்டிங்க திரையைப் பார்த்துத் திட்டினாங்க, சரிதான். ஆனா அவரை யாரும் போலீஸ்ல பிடிச்சுக் குடுக்கலை.

1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அசாசின் இல்லை. டீமன், டெவில் என்ற வார்த்தைகளும் இல்லை. அவற்றுக்குப் பதில் 'தனாரி', 'பாட்டேஸு' என்று வாயில் நுழையாத பெயர்கள். பேய்கள் அதே பேய்கள்தான், பெயர்ப்பலகை மட்டும் மாறியது. பக் இருக்கிற ஃபங்ஷனை ரீநேம் பண்ணிட்டு டிக்கெட்டை மூடுறவங்களை எனக்குத் தெரியும். (நானும் பண்ணியிருக்கேன்.)

கெட்டவனைத் துரத்திவிட்டார்கள் என்று நினைத்த இரண்டே வருடத்தில், 1991-இல், 'வாம்பயர்: தி மாஸ்கரேட்' வந்தது. இதில் எல்லாரும் சர் ஃபேங். ஆட்டக்காரர்கள் அனைவரும் ரத்தம் குடித்துத்தான் வாழ வேண்டும். மார்க் ரைன்-ஹேகன் உருவாக்கிய இந்த ஆட்டத்தின் மையத்தில் 'ஹியூமானிட்டி' என்று ஒரு எண், மனிதத்தன்மை. கொடுமை செய்தால் பகடை உருட்ட வேண்டும். மனம் உறுத்தினால் எண் நிற்கும், உறுத்தாவிட்டால் இறங்கும். பூஜ்யத்துக்கு வந்தால் கேரக்டர் உங்கள் கையைவிட்டுப் போய்விடும், கதைசொல்லி எடுத்துக்கொள்வார். செய்த தப்பு இங்கே ரெண்டாம்பட்சம். செய்ததற்கப்புறம் வலிச்சுதா என்பதுதான் கேள்வி.

சரி, கம்ப்யூட்டர். 1983-இல் ரிச்சர்ட் கேரியட் 'அல்டிமா 3' வெளியிட்டார். ஆட்டக்காரர்களின் கடிதங்கள் நேரடியாக அவருக்கு வர ஆரம்பித்தன. உலகத்தைக் காப்பாற்ற வந்த வீரர்கள் வழியில் என்ன செய்கிறார்கள் என்று அவற்றிலிருந்து தெரிந்தது: ஊர்ப் பெட்டிகளைத் திருடுவது, ஊர்க்காரர்களைக் கொல்வது. ஏனென்றால் அதுதான் சீக்கிரம் ஜெயிக்கிற வழி. தப்பு ஆட்டக்காரர்கள் மேல் மட்டும் இல்லை. அதற்குப் பரிசு கொடுத்தது கேம்.

அவருடைய பதில், 1985-இல் 'அல்டிமா 4: குவெஸ்ட் ஆஃப் தி அவதார்'. அவதாரம், நம்ம வார்த்தைதான். கடைசியில் கொல்ல ஒரு பெரிய வில்லன் இல்லாத கேம். நேர்மை, கருணை, வீரம், நீதி, தியாகம் என்று எட்டு குணங்களில் தேற வேண்டும். மூலிகை விற்கும் கண் தெரியாத ஒரு பெண் கடைக்காரர் வருவார். விலை சொல்வார், பணத்தை நீங்களே எண்ணி வைக்க வேண்டும். குறைத்து வைத்தாலும் வாங்கிக்கொள்வார். எதுவும் நடக்காது. எச்சரிக்கை வராது. ஆனால் உள்ளே எங்கேயோ நேர்மை என்ற எண் குறைந்திருக்கும். பல மணி நேரம் கழித்து, தேறவில்லை என்று தெரியவரும்போதுதான் உறைக்கும். கைகாக்ஸின் வரைபடத்தை ஒரு ப்ரோகிராம் அமைதியாக வரைந்துகொண்டிருந்தது.

இது பிரமாதமான டிசைன். ஆனா இதுக்கப்புறம் வந்த முப்பது வருஷத்துல பாதிப் பேர் அந்த எண்ணை மட்டும் எடுத்துக்கிட்டு, மௌனத்தை விட்டுட்டாங்க. கருணை பிளஸ் பத்து, கொடுமை மைனஸ் பத்து, நீலக் கோடு, சிவப்புக் கோடு. அநாதை விடுதிக்குத் தானம் கொடு, அல்லது கொளுத்து. நடுவில் ஒன்றும் கிடையாது. அந்த மாதிரி கெட்டவனா ஆடுறது எக்ஸெல் ஷீட் நிரப்புற மாதிரி.

சில விதிவிலக்குகள் உண்டு. 2003-இல் பயோவேர் செய்த 'நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக்'கில் இருண்ட பக்கம் போனால், ஸால்பார் என்ற தோழனை, அவன் உங்களுக்குப் பட்ட உயிர்க்கடனைச் சொல்லிக் கட்டாயப்படுத்தி, அவனுடைய உயிர்த்தோழியான மிஷன் என்ற சின்னப்பெண்ணைக் கொல்லவைக்கலாம். ஒரு மெனு வரி, ஒரு க்ளிக். நிறைய பேர் அந்த இடத்தில் கன்ட்ரோலரைக் கீழே வைத்ததாகச் சொல்வார்கள். நானும் வெச்சேன், பழைய சேவுக்குத் திரும்பினேன்.

அப்படித் திரும்புறவங்கதான் அதிகம் போல. அதே கம்பெனியின் 'மாஸ் எஃபெக்ட்' பற்றி, அதில் வேலை பார்த்த ஒரு டிசைனர் 2020-இல் ட்விட்டரில் சொன்னது: ஆட்டக்காரர்களில் சுமார் 92 சதவீதம் நல்ல வழியான பாரகனாகத்தான் ஆடினார்களாம். முரட்டு வழியான ரெனிகேடுக்காக அவ்வளவு உழைத்திருந்தோமே என்று ஒரு ஆதங்கம் அதில். ரெனிகேட் முழுக் கெட்டவன்கூட இல்லை, முரடன். அதுக்கே பத்துக்கு ஒன்பது பேர் மனசு வரலை. 1985-இல் டிவி பார்த்துப் பயந்த பெற்றோருக்கு இந்த எண்ணை யாராவது காட்டியிருக்கலாம்.

இதற்கு நேர் எதிரான இடம் ஒன்று உண்டு. 1997 செப்டம்பரில் 'அல்டிமா ஆன்லைன்' திறந்தது. அதே கேரியட்டின் உலகம், இப்போது ஆயிரக்கணக்கான நிஜ மனிதர்களோடு. திறப்பதற்கு முந்தைய மாதம், சோதனை ஓட்டத்தில், அவருடைய சொந்த அரசர் கேரக்டரையே ஒருவர் நெருப்பு மந்திரம் போட்டுக் கொன்றுவிட்டார். சாகாவரம் தரும் செட்டிங்கை ஆன் பண்ண மறந்துட்டாங்க! அது சிரிப்பான கதை. திறந்த பிறகு நடந்தது சிரிப்பு இல்லை. ஊர் எல்லைக்கு வெளியே கூட்டமாகக் காத்திருந்து புது ஆட்களைக் கொன்று, பையில் இருப்பதையெல்லாம் உருவிக்கொள்வார்கள். எட்டு குணங்களைக் கற்றுக்கொடுத்த அதே உலகத்தில்! கொலைகாரர்களின் பெயரைச் சிவப்பில் காட்டினார்கள், தண்டனை சேர்த்தார்கள். போதவில்லை. 2000-இல் உலகத்தையே இரண்டாகப் பிரித்தார்கள்: ஒன்றில் சம்மதம் இல்லாமல் உங்களை யாரும் தாக்க முடியாது, மற்றதில் முடியும். பெரும்பாலானவர்கள் பாதுகாப்பான பக்கம் போய்விட்டார்கள்.

மிஷனைக் கொல்ல மனசு வராத அதே மாதிரி ஆட்கள்தானே இங்கேயும் வந்திருப்பார்கள்? முகம் எழுதப்பட்ட ஒரு பொம்மைக்கு இரங்கிய மனசு, முகம் தெரியாத நிஜ ஆளுக்கு இரங்கவில்லை. இதைப் படிச்சப்பதான் எனக்கு என் டிஸ்கார்ட் ராத்திரி ஞாபகம் வந்தது. அன்னைக்கு எல்லாருக்கும் நெட் ஸ்லோ. கேமரா ஆஃப்.

மேஜை ஆட்டங்களில் இதற்கு ஒரு வழியைப் பிறகு எழுதிவைத்தார்கள். ரான் எட்வர்ட்ஸ் என்ற டிசைனர் சொன்ன 'லைன்ஸ் அண்ட் வெய்ல்ஸ்', கோடுகளும் திரைகளும். ஆட்டம் தொடங்கும் முன்பே பேசிக்கொள்வது: எது நம் கதையில் வரவே கூடாது, எது வரலாம் ஆனால் திரைக்குப் பின்னால். இதைக் கேட்டு "இதெல்லாம் ஓவர்"னு சொல்ற ஆளா இருந்தேன். கெட்டவனா ஆடுறதுக்கே தடைன்னு நினைச்சேன். உண்மையில் கதை தலைகீழ். எங்கே நிறுத்தணும்னு தெரிஞ்ச மேஜையிலதான் துணிஞ்சு கெட்டவனா ஆட முடியும்.

கம்ப்யூட்டர் பக்கம் 2015-இல் டோபி ஃபாக்ஸின் 'அண்டர்டேல்' வந்தது. (ஸ்பாய்லர், வேண்டாம்னா முப்பது செகண்ட் தள்ளிக்கோங்க.) அதில் யாரையும் கொல்லாமலே முடிக்கலாம். எல்லாரையும் கொல்லவும் செய்யலாம். ஆனால் அதற்குத் தேடித்தேடி, சலிப்போடு, ஒருவர் மிச்சமில்லாமல் போக வேண்டும். அப்படி முடித்தால் உலகம் அழியும், திரும்ப வேண்டுமென்றால் உங்கள் ஆன்மாவைக் கொடுக்கச் சொல்லும். கொடுத்துவிட்டு அடுத்த முறை எவ்வளவு நல்லவராக ஆடினாலும் முடிவில் ஒரு கறை இருக்கும். சேவ் ஃபைலுக்கு வெளியே தனியாக எழுதிவைத்திருக்கும். அந்த ஃபைலைக் கண்டுபிடித்து டெலீட் செய்தவர்களும் உண்டு. எஞ்சினியர்னா அதைத்தான் முதல்ல தேடுவோம்.

நண்பனுடன் எனக்கு அந்த ஃபைல் கிடைக்கலை. ஒன்றரை வருஷம் கழிச்சு ஒரு கல்யாணத்துல பார்த்தேன். பந்தியில பக்கத்துல பக்கத்துல. சாம்பார் வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் பேசலை. அப்புறம் கேட்டேன், "அந்தப் பையனைக் கொன்னதுக்கா வரலை?"

"இல்லடா. கேம்ல சாவு வரும், தெரியாதா எனக்கு? கிராமம் எரிஞ்சப்ப என் கிளெரிக் என்ன பண்ணுவான்னு யோசிச்சிட்டு இருந்தேன். உன்னைத் துரத்தியிருப்பேன். பத்து செஷன் துரத்தியிருப்பேன். நீ அதுக்கு இடமே குடுக்கலை. நீ ஜெயிச்ச மாதிரி சிரிச்சிட்டு மைக்கை மியூட் பண்ணிட்ட."

நான் மியூட் பண்ணது எனக்கு ஞாபகமே இல்லை.

அவன்கிட்ட நான் சர் ஃபேங் கதையைச் சொன்னேன். காட்டேரிக்காகப் பிறந்தவன்தான் கிளெரிக்னு. இலையைப் பார்த்துக்கிட்டே கேட்டுட்டு, "அப்ப நீ எனக்கு ஒரு கேம்பெயின் கடன்பட்டிருக்க"ன்னான்.

போன மாசம் ஆரம்பிச்சிருக்கோம். அவன்தான் டிஎம். நான் திரும்பவும் லாஃபுல் ஈவில். அதே திருடன், பத்து வருஷம் வயசானவன். முதல் செஷன்ல ஊர் எல்லையில ஒரு வயசான கிளெரிக் எனக்காகக் காத்துக்கிட்டு நின்னார். கேமரா ஆன்ல இருக்கு. அவர் பேச ஆரம்பிச்சப்ப நண்பனோட குரல் மாறினதைக் கேட்டேன். என் பகடை உருண்டு மேஜைக்கு அடியில போயிடுச்சு. குனிஞ்சு தேடிக்கிட்டிருக்கும்போதே அவன் சொன்னான்: "மெதுவா எடு. அவர் எங்கேயும் போக மாட்டார்."